நாலாவது கால்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குள் அவர் ஒரு நாய்க்கு ஏழு கால் வரைந்து முடித்திருந்தார்.

ஏழு கால் உள்ள நாய் இல்லை. திரையில் ஓடுகிற நாய். எட்டுப் படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் அது ஓடுவதுபோலத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் ஃப்ரேம் என்று பெயர். இந்த நாய்க்கு ஆறாவது ஃப்ரேமில் மட்டும் நாலு கால் இருந்தது. மற்ற ஏழு ஃப்ரேமிலும் மூன்றுதான். இடது பின்னங்காலைக் காணோம். அந்த ஏழு இடத்திலும் பொறுமையாக ஒரு கால் வைத்து, அனுப்பியும் வைத்துவிட்டு, அவர் நாற்காலியில் சாய்ந்து கைவிரல்களைச் சொடுக்கெடுத்தார்.

சின்னச் சின்னச் சதுரங்களை அடுக்கிப் படம் வரைந்து, அந்தப் படங்களை ஆடவும் ஓடவும் வைக்கிற மென்பொருள் ஒன்றைத் தயாரிக்கும் கம்பெனி அது. கம்பெனி என்றால் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இரண்டு அறை, நாலு பேர். மென்பொருளை வாங்கியவர்கள் ஏதாவது குறை சொன்னால் கேட்டுச் சரிசெய்வது அவருடைய வேலை. பதினோரு வருஷமாக அந்த நாற்காலி அவருடையது.

ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் 'புரிஞ்சுபோச்சு'. யாராவது வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள், மூன்றாவது வார்த்தையை இவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். பிறகு "புரிஞ்சுபோச்சு" என்பார். போன வாரம் வீட்டில் மனைவி, "சாயங்காலம் வரும்போது தையல்கடையில உங்க பேண்ட்டை—" என்று ஆரம்பித்தார். "வாங்கிட்டு வரணும். புரிஞ்சுபோச்சு" என்று கிளம்பிவிட்டார். தையல்கடையில் அரை மணி நேரம் சண்டை. கடைசியில் மனைவிக்கே போன் போட்டு, "இவன் பேண்ட்டைத் தொலைச்சுட்டு இல்லைன்னு சாதிக்கிறான்" என்றார். "வாங்க வேண்டாம், நானே வாங்கிட்டேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றார் மனைவி.

வாடிக்கையாளர்கள் புகார் எழுதும் பெட்டியையும் இவர்தான் வடிவமைத்தார். ஒருவர் அறுபது எழுத்துக்கு மேல் எழுத முடியாது. "விட்டா அவனவன் ராமாயணம் எழுதுவான். விஷயம் என்னன்னு நாலு வார்த்தையில தெரிஞ்சா எனக்குப் போதும்" என்பது அவர் கட்சி.

நாய்க்காரம்மாவின் புகாரும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்திருந்தது.

"நாய் படம். 6ல் நாலு கால், மத்ததில் மூணு. ஒரே மாதிரி வேணும்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்?

பதினொன்றேகால் மணிக்குப் பதில் வந்தது.

"மோசமாயிடுச்சு. இது என் நாயே இல்லை."

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். நாய் பழுப்பு நிறம். வரைந்த கால் ஒரு பொட்டு சிவப்பு கூடின பழுப்பு. "அதானே பார்த்தேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நிறத்தைச் சரிசெய்தார். முட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கினார். பாதத்துக்கு நிழல் போட்டார். நல்லெண்ணத்தில் நகமும் வைத்தார். மறுபடி அனுப்பினார்.

"இன்னும் மோசம். போன்ல பேசலாமா சார்?"

அவரே கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண்மணியின் குரல். பின்னால் எங்கேயோ ஒரு நாய் குரைத்தது.

"வணக்கம் சார். நான் சொல்ல வந்தது என்னன்னா, அவனுக்கு—"

"கால் சரியா அமையலை. புரிஞ்சுபோச்சும்மா."

"இல்ல சார், அந்தக் காலே—"

"அந்தக் கால் காணாமப்போனது உங்க தப்பே இல்லம்மா. எங்க மென்பொருள்ல ஏதோ கோளாறு. நான் ஒத்துக்கறேன்."

"அதில்ல சார். அவன் ஓடற ஓட்டமே வேற. ஒரு பக்கமா, துள்ளித் துள்ளி—"

"துள்ளணும். குறிச்சுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடுமா சார்? அஞ்சு மணிக்குத் திரையில போட்டாகணும். புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு" என்றார் நாய்க்காரம்மா.

எந்தத் திரை, எந்தப் பிள்ளைகள் என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். இவர், "அதுக்கு முன்னாடியே ஆயிடும்மா" என்று வைத்துவிட்டார்.

வைத்த கையோடு எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். அங்கே மென்பொருளை எழுதுகிற பெண் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். ஏழு வருஷமாக அந்த மென்பொருளைப் பெற்ற பிள்ளைபோல வளர்க்கிறவள். அதைப் பற்றி யார் குறை சொன்னாலும் அவளுக்கு மூக்கு விடைக்கும்.

"ஏம்மா, நம்ம புரோகிராம் காலைத் தின்னுது."

"என்னண்ணா?"

விஷயத்தைச் சொன்னார். அவள் அந்தம்மாவின் கோப்பைத் திறந்து பத்து நிமிஷம் குடைந்தாள்.

"அண்ணா, புரோகிராம்ல தப்பு இருந்தா படமே கலைஞ்சுபோகும். ஒரு நாயோட ஒரு காலை மட்டும் குறிபாத்துத் தூக்காது. அந்தம்மா நம்ம மென்பொருளோட கூட வர்ற சாம்பிள் நாயை எடுத்து, அது மேலதான் வரைஞ்சிருக்காங்க. ஆறாவது ஃப்ரேம்ல இருக்கற கால் அந்த சாம்பிள் நாயோட கால். அந்த ஃப்ரேம்ல மட்டும் அது பூட்டியிருக்கு. அழிச்சாலும் போகாது."

"அப்ப மிச்ச ஏழுலயும் அந்தக் கால் இருந்திருக்கணுமில்ல?"

"இருந்திருக்கணும்."

"இப்ப இல்லையில்ல?"

"இல்ல."

"அப்ப தின்னுடுச்சு."

அவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "அவங்களே ஏதாவது பண்ணினாங்களான்னு கேட்டீங்களா?"

"நாய்க்குக் கால் வரைய ஒருத்தர் ஒரு தடவை மறக்கலாம். ஏழு தடவை மறப்பாங்களாம்மா?"

தன் பிள்ளை திருடியிருக்கும் என்று நம்பாத தாயின் முகத்தோடு, அரை மனதாக, "சரி, என்ன செய்யணும்ங்கறீங்க?" என்றாள்.

அவரிடம் யோசனை தயாராக இருந்தது. ஒரு ஃப்ரேமில் இருக்கிற பொருள் மற்ற ஃப்ரேம்களில் இல்லாவிட்டால், மென்பொருளே அதைத் தேடிப் பிடித்து நிரப்பிவிட வேண்டும். பிறகு ஒருவருக்கும் எந்தக் காலும் காணாமல்போகாது. அவள் இரண்டு தடவை வேண்டாம் என்றாள். மூன்றாவது தடவை சொல்லவந்ததை அவரே முடித்துவைத்து, "புரிஞ்சுபோச்சு, செவ்வாய்க்கிழமைக்குள்ள முடிச்சுடலாம்ங்கற" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த மாற்றம் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை காலை அவர் கம்ப்யூட்டரைத் திறந்தபோது நூற்றுப் பன்னிரண்டு புகார்கள் வரிசையில் நின்றன.

முதலாவது: "என் கடற்கொள்ளைக்காரனுக்கு ரெண்டாவது கண் முளைச்சிருக்கு."

இரண்டாவது: "என் பொம்மை கண் சிமிட்டவே மாட்டேங்குது. முறைச்சுப் பாக்குது."

மூன்றாவது: "கதவு திறக்குது. திறந்த இடத்துலயும் கதவே இருக்கு."

தலையில்லாத பேய் ஒன்றுக்குத் தலை வந்துவிட்டதாம். அது வரைந்தவருடைய முகச்சாடையில் இருக்கிறதாம். ஒருவர் வெடிக்கிற பலூன் வரைந்திருந்தார். அது இப்போது வெடித்த பிறகும் முழுசாக நிற்கிறது. பல் விழுந்து சிரிக்கிற குழந்தையைத் தன் மகள் பிறந்தநாளுக்கென்று ஒருவர் வரைந்திருந்தார். குழந்தைக்குப் பல் வரிசையாக முளைத்துவிட்டது. "என் பெண்ணே பாத்துப் பயந்து அழறா" என்று எழுதியிருந்தார். அறுபது எழுத்துக்குள் அந்த மனிதர் தன் முழு வயிற்றெரிச்சலையும் அடக்கியிருந்தார்.

மென்பொருளை எழுதுகிற பெண் அவருக்குப் பின்னால் வந்து நின்று படித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தையும் அவரால் முடித்துவைக்க முடியவில்லை.

நூற்றுப் பன்னிரண்டாவது புகார் நாய்க்காரம்மாவினுடையது.

"சார், இப்ப நானே அழிச்சாலும் கால் திரும்பி வருது. ப்ளீஸ்."

"பாத்தியாம்மா? அந்தம்மாவுக்குக் கால் திரும்பி வந்துடுச்சு" என்றார் அவர்.

"அண்ணா, 'ப்ளீஸ்'னு முடிச்சிருக்காங்க."

"சந்தோஷத்துல போட்டிருப்பாங்க."

சொல்லும்போதே அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

முதலாளியம்மா அன்று மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். சாதாரணக் கோபத்துக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குக் கேட்கும். அன்றைக்கு இவர் மேஜையின் மேல் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை அனுப்பினதைத் திரும்ப வாங்கியாச்சு. நூத்திப் பதினோரு பேர்கிட்ட மன்னிப்பும் கேட்டாச்சு. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இதெல்லாம் எதனால ஆரம்பிச்சுது?"

"ஒரு நாய், மேடம்."

"அந்த நாய் இப்ப சரியா ஓடுதா?"

"இன்னும் இல்ல மேடம்."

முதலாளியம்மா கண்ணாடிக் கடையில் இருந்து வாங்கிய புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை நீங்க நேரா அந்தம்மா வீட்டுக்குப் போங்க. பக்கத்துல உக்காந்து செஞ்சு குடுங்க. திருப்தின்னு அவங்க கையால ஒரு வரி எழுதணும். அஞ்சு மணிக்குத் திரையில நாய் ஓடணும். ஓடலைன்னா, திங்கட்கிழமை காலையில நீங்க அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம்."

"லேட்டா வரலாம்ங்கறீங்களா மேடம்? புரிஞ்சு—"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்கு உண்மையில் புரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையைப் பாதியில் விழுங்கினார்.

வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் பஸ்ஸை விட்டு இறங்கி, தெருவின் கடைசியில் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தார். தகரம் அடித்த பெரிய கேட். அதைத் திறந்து உள்ளே போய்க் கதவைத் தட்டினார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பதினோரு வருஷத்துக்குப் பிறகு வேறு எங்கே போய் என்ன வேலை கேட்பது, மகள் படிப்பு முடிய இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே என்றெல்லாம் பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் ஓடியது. அந்த ஓட்டத்தில் மட்டும் ஒரு காலும் குறையவில்லை.

கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். மல்யுத்தக்காரருடையது போன்ற கைகள், அதற்குச் சம்பந்தமே இல்லாத மென்மையான முகம்.

"வாங்க சார். இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே. உக்காருங்க. அவன் இல்ல, எங்க வீட்டுக்காரர் வெளியில கூட்டிட்டுப் போயிருக்காரு. இருந்தா உங்க மேலயே ஏறிடுவான்."

சாப்பாட்டு மேஜையில் பழைய லேப்டாப் ஒன்று திறந்திருந்தது. அதன் விசிறி, எலெக்ட்ரிக் ரேசர் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் காகிதத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்த நாய்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கோடு விழுந்து, எது கால், எது வால், எது அழித்த தடம் என்று தெரியவில்லை.

"நான் ஆஸ்பத்திரியில புள்ளைங்களுக்கு நடக்கப் பழக்கறேன் சார்" என்றார் நாய்க்காரம்மா எதிரே உட்கார்ந்து. "விபத்துல அடிபட்டது, ஆபரேஷன் ஆனது, மாசக்கணக்காப் படுத்துக் கிடந்ததுன்னு எல்லாம் வரும். எந்திரிக்கவே மாட்டேன்னு சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கும். வாரத்துக்கு ஒரு நாள் இவனைக் கூட்டிட்டுப் போவேன். வராந்தாவுல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு ஓடுவான். அவ்வளவுதான். அதைப் பாத்துட்டு ஒவ்வொண்ணா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நிக்கும்."

அவர் ஒன்றும் முடித்துவைக்கவில்லை.

"இப்ப புது விதி. நாய் உள்ள வரக் கூடாதாம். சுத்தம் முக்கியம், நானும் ஒத்துக்கறேன். ஆனா புள்ளைங்க கேக்குதே. வராந்தா சுவத்துல பெரிய டிவி ஒண்ணு சும்மா இருக்கு. அதுல இவனை ஓடவிடலாம்னு தோணிச்சு. எனக்கு வரையத் தெரியாது. உங்க மென்பொருளை வாங்கி, மூணு மாசம் ராப்பகலா கத்துக்கிட்டேன். ஆனா சார், அச்சு அசலா இவன் மாதிரியே ஓடணும். அதுல ஒண்ணே ஒண்ணு முக்கியம். என்னன்னா—"

"ஒரு கால்கூட இப்படி அப்படி இருக்கக் கூடாது" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "புரிஞ்சுபோச்சும்மா. எனக்கு நல்லாப் புரிஞ்சுபோச்சு."

நாய்க்காரம்மா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "புரிஞ்சா சரி சார்" என்றார். அதற்குள் உள்ளே போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்துதான். "டிவியை மாட்டறவங்க வந்திருக்காங்களாம். பேசிட்டு, காபி போட்டு எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனார்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை நாள் பண்ணியதையெல்லாம் தூரப்போட்டுவிட்டு, அந்தம்மா முதலில் அனுப்பிய கோப்பிலிருந்தே ஆரம்பித்தார். ஆறாவது ஃப்ரேமில் இருந்த காலின் பூட்டைத் திறந்தார். அந்தக் காலை மற்ற ஏழு ஃப்ரேமுக்கும் நகலெடுத்தார். எட்டுக் காலையும் ஒன்றோடொன்று இணைத்தார். இணைத்துவிட்டால் வேலை சுலபம். ஒரு ஃப்ரேமில் காலை மாற்றினால் மிச்ச ஏழிலும் தானாக மாறும்.

ஓடவிட்டுப் பார்த்தார். நாய் ஓடவில்லை. மூன்று கால் ஒரு தாளத்துக்கு ஓடியது, நாலாவது கால் மட்டும் வேறு கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி விறைப்பாக நின்றது. மற்ற மூன்றும் இதை எதிர்பார்க்கவே இல்லை என்பதுபோல் இருந்தது. காலை முன்னால் தள்ளினார். நாய் தடுக்கி விழுவதுபோல ஓடியது. பின்னால் தள்ளினார். யாரையோ உதைத்துக்கொண்டே ஓடியது. மேலே தூக்கினார். அதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

மணி மூன்றே கால்.

"சரி, இந்த ஆறாவது ஃப்ரேம் காலை மட்டும் அழிச்சுட்டு முதல்லேருந்து வரைவோம்" என்று முணுமுணுத்தபடி அழித்தார்.

எட்டுக் காலும் போய்விட்டது.

இணைத்ததை மறந்துவிட்டார். ஒன்றில் செய்தது எட்டிலும் நடக்கும் என்று பெருமையாகத் தானே செய்த ஏற்பாடு. வியர்வை வழிய, கடைசியாகச் செய்ததைத் திரும்ப வாங்கும் பொத்தானை அழுத்தினார். லேப்டாப் யோசித்தது. மறுபடி அழுத்தினார். அதன் விசிறி ஆகாய விமானம் கிளம்புவதுபோல ஒரு சத்தம் போட்டது. பிறகு சத்தம் அடங்கியது. திரை கறுத்தது.

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது.

அவர் லேப்டாப்பை மறுபடி உயிர்ப்பித்தார். அது ஆறு நிமிஷம் எடுத்துக்கொண்டது. அந்த ஆறு நிமிஷத்தில் அவர் கும்பிடாத சாமி இல்லை. கோப்பு திறந்து, படம் ஓட ஆரம்பித்தது. மென்பொருள் தானாகவே எல்லாவற்றையும் பத்திரமாகச் சேமித்துவைத்திருந்தது. எட்டு ஃப்ரேம். எட்டிலும் மூன்று மூன்று கால். அடுத்தவர் வேலை வீணாகக் கூடாது என்று அந்தச் சேமிக்கும் வசதியை வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னவரும் அவர்தான். திரும்ப வாங்கும் பொத்தான் இப்போது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

புதிதாக வரையலாம் என்றால் அந்தக் காலை வைத்து இவர் ஒரு வாரமாகப் பட்ட பாடு தெரியும். மணி மூன்று நாற்பது.

அவர் எழுந்து நின்றுகொண்டார். மன்னிப்புக் கேட்க உட்கார்ந்திருப்பது சரியாக இருக்காது. சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார். 'அம்மா, நான் பதினோரு வருஷமா இந்த வேலையில இருக்கேன்' என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். அது அனுதாபம் தேடுவதுபோல இருந்தது. 'அம்மா, தப்பு முழுக்க என்னுது' என்று மாற்றிக்கொண்டார்.

நாய்க்காரம்மா இரண்டு டம்ளர் காபியோடு வந்தார். "ஆச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தார்.

நாய் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றே காலில், உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதுகள் பறக்க, துள்ளித் துள்ளி.

அந்தம்மா டம்ளர்களை மேஜையில் வைத்தார். வைத்த இடத்தைப் பார்க்கவில்லை. ஒரு டம்ளர் பென்சில் மேல் சாய்ந்து நின்றது.

"அம்மா, தப்பு முழுக்க—"

"பேசாதீங்க சார்."

நாய் எட்டு எட்டு ஃப்ரேமாகத் திரும்பத் திரும்ப ஓடியது. நாய்க்காரம்மா கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவன்தான்" என்றார். "இவனேதான் சார். எப்படிப் பண்ணீங்க?"

எப்படி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தம்மா கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை. அழுத முகத்தில் சிரிப்பு. ஒரு வாரமாக அந்தம்மாவைப் போட்டு அலைக்கழித்ததில் எண்ணிப் பார்க்கிற தெம்புகூட இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது, ஏதோ ஒன்று ஓடினால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டார், பாவம் என்று அவருக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்லிவிடலாமா? 'அம்மா, கொஞ்சம் நல்லாப் பாருங்க, ஒரு கால் குறையுது' என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மணி நாலு ஆகப்போகிறது. அந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் காத்திருக்கின்றன.

"கொஞ்சம் நுணுக்கமான வேலைதாம்மா" என்றார்.

நாய்க்காரம்மா நின்றபடியே கோப்பை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுப் புகார்ப் பெட்டியைத் திறந்து இரண்டு விரலால் தட்டினார்.

"ரொம்பத் திருப்தி. இப்பதான் இது என் நாய். நன்றி சார்."

அவர் நாற்காலியில் விழுந்தாற்போல உட்கார்ந்து காபியை ஒரே மூச்சில் குடித்தார். இரண்டு நாளைக்குப் பிறகு நாக்கில் ருசி தெரிந்தது. "இன்னொண்ணு குடிக்கறீங்களா சார்?" என்று கேட்டபோது, வெட்கப்படாமல் தலையாட்டினார்.

நாலே கால் மணிக்கு அங்கிருந்தபடியே முதலாளியம்மாவைக் கூப்பிட்டார். முதலாளியம்மா ஏற்கெனவே அந்த வரியைப் படித்திருந்தார். அவர் குரல் வழக்கமான உயரத்துக்கு வந்திருந்தது. அதைக் கேட்டதும் இவருக்கு மனசு லேசாகிவிட்டது.

"அப்படி என்ன பண்ணீங்க?"

"அது மேடம்… தேவையில்லாததை எடுத்துட்டேன்."

"திங்கட்கிழமை நேரத்துக்கு வந்துடுங்க."

அந்த ஒரு வாக்கியத்தைப்போல இனிமையான வாக்கியத்தை அவர் சமீபத்தில் கேட்டதில்லை. போன் கைமாறியது. மென்பொருளை எழுதுகிற பெண்ணின் குரல் வந்தது.

"அண்ணா, என் புரோகிராம் காலைத் தின்னுச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இல்லம்மா. உன் புரோகிராம் தங்கம்" என்றார். அவளிடம் வேறென்ன சொல்வது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்களேன் சார், புள்ளைங்க முகத்தைப் பாக்கலாம்" என்று நாய்க்காரம்மா கூப்பிட்டார். அவருக்கும் போக ஆசைதான். ஆனால் எந்தப் பிள்ளையாவது கூர்மையான கண்ணோடு எண்ணிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது. "இன்னொரு நாள் கண்டிப்பா வரேம்மா" என்று சொல்லிக் கைகூப்பிக் கிளம்பினார்.

வாசலுக்கு வந்ததும் நின்று ஒரு மூச்சு இழுத்து விட்டார். வெயில் தணிந்து நல்ல காற்று வீசியது. வேலை தப்பித்தது. மகள் படிப்பு தப்பித்தது. மனைவியிடம் இன்றைக்கு நடந்ததை முழுசாகச் சொல்ல வேண்டும். அவர் நடுவில் ஏதாவது சொல்லவந்தால், அதையும் கடைசி வரை கேட்க வேண்டும். மனசின் ஒரு மூலையில் மட்டும் ஒரு முள் இருந்தது. ஒரு நல்ல மனுஷியிடம் ஒரு கால் குறைவான நாயைக் கொடுத்து ஏமாற்றிவிட்டு வருகிறோமே என்ற முள். அடுத்த வாரம், யாருக்கும் தெரியாமல், அந்த நாலாவது காலை அழகாக வரைந்து அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். அப்படி முடிவு செய்ததும் அந்த முள்ளும் போய்விட்டது.

கேட்டைத் திறக்கப் போனார். அதே நேரம் தகரத்துக்கு அந்தப் பக்கம் நகங்கள் பரபரவென்று பிறாண்டின. கேட் அரையடி திறந்து, கையில் இறுக்கிச் சுற்றிய வாரோடு, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெரியவர் தலையை நீட்டினார். நாய்க்காரம்மாவின் வீட்டுக்காரர்.

"கம்பெனி சார்தானே? போகும்போது கேட்டை நல்லாச் சாத்திட்டுப் போங்க சார். மூணு கால் நாய்தானேன்னு அசந்து நின்னுட்டீங்கன்னா, நீங்க ஏறப்போற பஸ்ஸையே முந்திடுவான்."